600039 என்று தட்டியதும் மறுக்கப்பட்ட கடன்

பெறுநர்: குறைதீர் அலுவலர்
பொருள்: பின்கோடைப் பார்த்துக் கடன் மறுத்தது தொடர்பாக

ஐயா,

வியாசர்பாடியில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் புதியவள் இல்லை. அண்ணா நகரில் வாடகைக்கு இருந்தபோது உங்கள் கடன் ஆப்பில் 40,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு தவணைகூட பவுன்ஸ் ஆகாமல் அடைத்தேன். போன வருடம் வாடகை கட்டுப்படியாகாமல் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இந்த மாதம் 3-ஆம் தேதி ஓவர்லாக் மெஷின் வாங்க 60,000 கேட்டேன். பான், ஆதார் ஓடிபி, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. கடைசியாக முகவரி. 600040 என்றிருந்ததை 600039 என்று மாற்றினேன், ஒரே ஒரு எண் தள்ளி. வட்டம் இரண்டு சுற்று சுற்றியது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' காரணம் எதுவும் இல்லை. கடனை ஒழுங்காக அடைக்கிறேனா என்று காட்டும் என் கிரெடிட் ஸ்கோர் 771.

கஸ்டமர் கேர் தம்பி, "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு மேடம்" என்றார். விடாமல் கேட்டதில், "உங்க ஏரியா நெகட்டிவ் லிஸ்ட்ல இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். கடன் கொடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலாம் அது. அவர் மேல் நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வேலை கேட்டுப் போன இடங்களில் வியாசர்பாடி என்றதும் முகம் மாறும். அப்புறம் "எந்தத் தெரு?" என்பார்கள். அது தெருவுக்கான கேள்வி இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, அங்கே சண்டை போட ஒரு முகமாவது இருந்தது.

சட்டம் படிக்கும் என் மகள் சொன்னாள்: அமெரிக்காவில் 1930-களில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கிவிட்டு வீட்டுக் கடன் மறுத்தார்களாம். கணினி எடுத்த முடிவு என்று சொல்லிக் காரணம் காட்டாமல் தப்பிக்க முடியாது என்று அங்கே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022-இல் சொன்னது. அதே ஆண்டு நம் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளும் வயது, தொழில், வருமானம் முதலியவற்றைப் பார்த்து, பின்னால் தணிக்கை செய்ய முடிகிற விதத்தில் தகுதியைக் கணிக்கச் சொல்லியிருந்தன. என் வருமானக் கணக்கு உங்களிடமே இருக்கிறதே, யாராவது திறந்து பார்த்தார்களா?

ஒரு மனிதர் என் விண்ணப்பத்தை மறுபடி பார்த்து, மறுத்த காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பின்கோடுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

பாரிமுனைக் கடையில் மெஷினுக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். மாதக் கடைசி வரைதான் எடுத்து வைப்பாராம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்,
வியாசர்பாடி, சென்னை 600039