குறைவாக அடித்ததால் அல்ல, உருக்கியதால்தான் அரிது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் பழைய அமெரிக்கத் தங்கக் காசுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுதுகிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் "மிகக் குறைவாக அச்சடிக்கப்பட்டதால்தான் இவ்வளவு விலை" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு 15 வருடமாக இந்தக் காசுகளின் பின்னால் அலைகிறவன் நான்.

1822ஆம் ஆண்டின் 5 டாலர் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியா தங்கசாலையின் (அரசு நாணயம் அடிக்கும் இடம்) அந்த வருடக் கணக்கில் 17,796 காசுகள் இருக்கின்றன. இன்று இருப்பதாகத் தெரிந்தவை மூன்றே மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மூன்றாவது 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மற்றதெல்லாம் எங்கே? உருக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் 1792 நாணயச் சட்டத்தில் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று கணக்கு வைத்தார்கள், ஐரோப்பாவிலோ அதே தங்கத்துக்குக் கூடுதல் வெள்ளி கிடைத்தது, வியாபாரி சும்மா இருப்பானா, காசை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டான், அங்கே போய் உருகியது. அப்புறம் 1834இல் காசின் எடையையும் தங்கத்தின் தூய்மையையும் குறைத்தார்கள். பழைய காசில் புதுக் காசைவிட ஏறக்குறைய 7 சதவீதம் தங்கம் அதிகம் என்று ஆனதும் மிச்சம் மீதி இருந்ததும் உருக்கும் மூசைக்குப் போய்விட்டது.

அசலா போலியா என்று பார்க்கும்போதும் இந்த எடைதான் முதலில் கைகொடுக்கும். 1795 முதல் 1806 வரை வந்த 5 டாலர் காசைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், 5 என்றோ டாலர் என்றோ எங்கேயும் இருக்காது. எடைதான் அதன் மதிப்பு. 8.75 கிராம், அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, பன்னிரண்டில் பதினொரு பங்கு, நம் கடைகளில் 916 என்று முத்திரை போடுகிறார்களே அதே 22 காரட்தான். 1834க்குப் பிந்தைய காசு 8.36 கிராம். ஆகவே 1803 என்று வருடம் போட்ட காசு தராசில் 8.3 காட்டினால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேய்மானம் என்று சொல்வார்கள். தலைமுடி இழைகூடத் தெளிவாகத் தெரிகிற காசில் 450 மில்லிகிராம் எப்படித் தேயும்?

எடை சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. நல்ல தங்கத்திலேயே, அசல் காசிலிருந்து அச்சு எடுத்து அடிக்கிற போலிகள் உண்டு. அவற்றில் தாய்க் காசில் இருந்த சின்னப் பள்ளம், கீறல் எல்லாம் ஒவ்வொரு பிள்ளையிலும் அப்படியே வரும். இரண்டு பேர் விற்கிற இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் தெரிந்தால் இரண்டையும் தொடாதீர்கள். நேர்மாறாக, காசின் மேல் வரிசையாக அரம் போட்ட கோடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். எடை கூடிப்போன வில்லையை அச்சில் வைப்பதற்கு முன் தங்கசாலையிலேயே அரத்தால் ராவி எடையைச் சரிசெய்தார்கள். அந்தக் கோடுகளை நான் ஆசையோடு பார்ப்பேன், 220 வருடத்துக்கு முன்னால் யாரோ தராசின் முன் உட்கார்ந்து செய்த வேலை அது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஏமாந்தேன். ஒரு காசுச் சந்தையில் 1805ஆம் வருடக் காசு, எடை சரி, முகம் அழகு, விலையும் கொஞ்சம் குறைவு. வாங்கி, தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். அசல்தான், ஆனால் பழுது பார்க்கப்பட்டது என்று எழுதித் திரும்பி வந்தது. பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றிலும் பள்ளக்கோடுகள் ஒழுங்காக ஓடி, தலைக்கு நேர் மேலே மட்டும் ஒரு நெல் அகலத்துக்கு மழமழவென்று இருந்தது. யாரோ எப்போதோ பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு அதை எடுத்துவிட்டுத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். காசுமாலை பார்த்து வளர்ந்த எனக்கு அந்த இடத்தை முதலில் பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்னும் வருத்தம். விற்றவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, கேட்டதற்கு விற்ற பொருள் விற்றதுதான் என்றார்.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 1854இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 5 டாலர் காசு மொத்தமே 268. (குறைவாக அச்சடித்ததால் விலை என்று நீங்கள் எழுதியது இந்தக் காசுக்குப் பொருந்தும்.) மூன்றுதான் மிஞ்சியது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது நியூ இங்கிலாந்துக்காரர் ஒருவர் கையில் நாலாவது இருந்தது. காட்டிய இடத்தில் போலி என்றே சொன்னார்கள். 2018இல் காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் என்ஜிசி நிறுவனம் ஸ்மித்சோனியனில் உள்ள காசின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அசல் என்று உறுதி செய்தது. அதே வருடம் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது.

கடைசியாக ஒன்று. "வீட்டில் பழைய காசு இருந்தால் நன்றாகச் சுத்தம் செய்து நிபுணரிடம் காட்டுங்கள்" என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். ஐயா, புளி, பல்பொடி, துணி எதையும் வைத்துத் தேய்க்கவே கூடாது. 200 வருடத்தில் படிந்த நிறம் ஒரு தேய்ப்பில் போய்விடும், பாதி விலையும் கூடவே போகும். வேறு எதைத் திருத்தாவிட்டாலும் அந்த ஒரு வரியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள், யாராவது இந்நேரம் தேய்க்க எடுத்து வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்