மூட்டுவாத மருத்துவர்களே, ஏழாவதாக ஒன்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய மூட்டுவாத மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்னும் முதுகெலும்பு அழற்சியோடு வாழ்பவர்களில் ஒருவன் நான்.

உங்களிடம் வரும்போது, நோயின் தீவிரத்தை அளக்கும் பாஸ்டாய் (BASDAI) படிவத்தை நிரப்பச் சொல்கிறீர்கள். 1994-இல் வெளியான அதில் ஆறு கேள்விகள்: சோர்வு, கழுத்து முதல் இடுப்பு வரையிலான வலி, மற்ற மூட்டுகளின் வலியும் வீக்கமும், தொட்டால் நோகும் இடங்கள், காலை இறுக்கத்தின் கடுமை, அது நீடிக்கும் நேரம். மதிப்பெண் பத்துக்கு 4-ஐத் தொட்டால் நோய் தீவிரமாக இருப்பதாகக் கொள்கிறீர்கள். மருந்தை மாற்றும் பேச்சும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மனம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதில் இல்லை.

நாங்களாகவும் வாய் திறப்பதில்லை. இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது. என்ன நோய் என்று தெரியவே எங்களில் பலருக்குப் பல ஆண்டுகள் போய்விடுகின்றன. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எல்லாம் டென்ஷன், ஓய்வெடுங்கள்." அந்த ஆண்டுகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த வாக்கியம் இது. (ஓய்வெடுத்தால் கூடுகிற வலி என்று உங்களுக்குத் தெரியும்.) அதனால் நோய் உறுதியான பிறகும் மன அழுத்தம் என்று சொல்லவே பயம். சொன்னால் வலி மறுபடி பொய்யாகிவிடும்.

ஆகவே அவரவர் வழியில் சமாளிக்கிறோம். நீச்சலும் உடற்பயிற்சியும் சிலருக்குக் கை கொடுக்கின்றன. வேறு சிலர் நீண்ட நேரம் உட்கார வேண்டிய எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். சிலருக்கு சிகரெட். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதைப் புகை விரைவுபடுத்தும் என்று எச்சரிக்கிறீர்கள், சரிதான். ஆனால் பின்னிரவில் வலி எழுப்பிவிட்ட பிறகு விடியும்வரை அந்த மனிதருக்குத் துணை அதுதான். அந்த இடத்தில் வேறென்ன வைப்பது என்று சொல்லாமல் "விடுங்கள்" என்றால் எப்படி விடுவார்?

கவலை மிகும்போது முதலில் நின்றுபோவது உடற்பயிற்சிதான். அது நின்றால் இறுக்கம் கூடும், தூக்கம் கெடும், சோர்வு ஏறும். படிவத்தின் மதிப்பெண்ணும் ஏறும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு மாறாமல் மதிப்பெண் மட்டும் ஏறியிருந்தால், ஊசி மருந்தை மாற்றும் முன் இதையும் விசாரிக்க வேண்டாமா? சிஆர்பி சரியாக இருந்தும் அழற்சி இருக்கலாம் என்பதால் அதைத் தேடுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் பாருங்கள் என்கிறேன்.

"கடந்த வாரம் உங்களை அதிகம் படுத்தியது எது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?" ஏழாவது கேள்வியாக இவ்வளவு போதும். கேட்பதற்கு முன், வலி உண்மைதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவது போலவே உளவியல் ஆலோசகருக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். பதிலைக் கோப்பில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்