சித்தரத்தை ரெண்டு பொட்டலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போனும் இல்லை, "நல்லா இருக்கேன்" என்று ஒரு மெசேஜ்தான். அதனால் பார்சலுக்குள்ளேயே இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன்.

அன்றைக்கு உன் குரல் தேங்காய் துருவுகிற சத்தம் மாதிரி இருந்தது. "சும்மா ஜலதோஷம்மா" என்றாய். ஜலதோஷம் மூக்கில் ஆரம்பித்து, தும்மித் தும்மி, ரெண்டு மூன்று நாளில் மெள்ள ஏறும். நீ சனிக்கிழமை மத்தியானம் வரை ஆபீஸ் வேலை பார்த்திருக்கிறாய், சாயங்காலம் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. குளிர், தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, வறட்டு இருமல். இது ஃப்ளூ. ஜனவரி முதல் மார்ச் வரை நம் நாட்டில் அதற்குக் காலம். ஆண்டுக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கொள் என்று போன தீபாவளிக்கே சொன்னேன். கேட்டாயா?

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன் என்றாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது பாக்டீரியாவுக்கு உள்ள மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. இருமலே இல்லாமல் தொண்டையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கழுத்தில் நெறி கட்டினால் அது வேறு கதை, டாக்டர் பார்த்து எழுதித் தருவார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் ஜலதோஷ மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருக்கும், அட்டையைப் படிக்காமல் ரெண்டையும் சேர்த்துப் போடாதே. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

தொண்டைக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் கல் உப்பு. தலையை நன்றாக அண்ணாந்து, அடித்தொண்டையில் சத்தம் வருகிற மாதிரி கொப்பளி. ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. சித்தரத்தையைத் தட்டி ஒரு சின்னத் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள், முதலில் சுரீரென்று காரம் ஏறும், கொஞ்ச நேரத்தில் தொண்டை இளகும். படுக்கப்போகும்போது மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டுப் பால். இதெல்லாம் நோயைத் தீர்க்காது, தொண்டைக்கு இதம். அவ்வளவுதான். தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

தனியாகத்தான் இருக்கிறேன் என்கிறாய். சரி. தனியாக இருந்தாலும் டம்ளரையும் துண்டையும் தனியாக வை. இது ஒன்றிரண்டு நாளில் பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒட்டிவிடும், மிஞ்சினால் நாலு நாள். இதற்கென்று டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை இருக்கிறது, காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். உனக்கு அந்த நேரம் போய்விட்டது. வேறு யாருக்காவது வேண்டியிருந்தால் தாமதிக்க வேண்டாம்.

உங்கப்பா உன் ஆபீஸ் கார்டு போட்டோவைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் காட்டுகிறார். டெல்லியில் தனியாக நிற்கிறாள் என் பிள்ளை என்று எனக்கும் பெருமைதான். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்றும் இருக்கிறது. உப்புத் தண்ணீரை மறக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். 2009-இல் நீ ஐந்தாம் வகுப்பு. பன்றிக் காய்ச்சலில் புனேயில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை செத்துப்போனதை டிவியில் காட்டிக்கொண்டிருந்த சமயம். உனக்குக் காய்ச்சல் கண்டது. தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். உன்னை ஆச்சி அறையில் படுக்கப்போட்டுக் கதவைச் சாத்தினேன். சர்க்கரை உள்ள மனுஷி. நாலாம் நாள் ஆச்சி விழுந்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவள் பழைய ஆச்சியாக நடமாடவில்லை.

"நான்தான் ஆச்சிக்கு ஒட்டவைத்தேன்" என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆச்சி காரியத்தன்று நீ அழாமல் சுவரோரம் நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு வந்தது காய்ச்சல், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கதவைச் சாத்தியவள் நான். எதையும் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கவும் உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது பின்னால் யாரோ இருமினார்கள். டிவி என்றாய். நானும் சரி என்றேன்.

பார்சலில் மிளகு, மஞ்சள், பனங்கற்கண்டு, சுக்குப்பொடி இருக்கிறது. கைமுறுக்கு அடியில் இருக்கிறது, தொண்டை ஆறின பிறகு எடு. சித்தரத்தையை ரெண்டு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் எழுது.

அம்மா