பெருந்தொற்று இறப்பு: மாநிலங்களை எதை வைத்து ஒப்பிடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் கொரோனா இறப்பு விகிதத்தை மாநிலவாரியாக அட்டவணை போட்டிருந்தீர்கள். பத்து லட்சம் பேருக்குக் கேரளத்தில் ஏறக்குறைய 2,000 இறப்பு, தமிழ்நாட்டில் 500, பீகாரில் 100. அதற்குக் கீழேயே, குறைந்த செலவில் உயிர்களைக் காத்த மாநிலம் என்று பீகாரைப் பாராட்டி இரண்டு பத்தி. நகராட்சி ஒன்றின் சுகாதாரப் பிரிவில் இறப்புப் பதிவேட்டோடு பல வருடம் இருந்தவன் நான். அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

2021 மே மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும். வீட்டில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் மருத்துவர் சான்று இருக்காது. மகனோ மருமகனோ வந்து நின்று சொல்வதுதான். "ரெண்டு நாளா காய்ச்சல் சார், மூச்சு வாங்குச்சு, விடியக்காலையில போயிட்டாங்க." பரிசோதனை எதுவும் எடுத்திருக்க மாட்டார்கள். காரணம் என்ற இடத்தில் மூச்சுத்திணறல் என்றோ முதுமை என்றோதான் எழுத முடியும். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் கதை வேறு. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதி போயிருக்கும், ஆனால் ஆர்.டி.-பி.சி.ஆர். நெகட்டிவ். சான்றிதழில் 'வைரல் நிமோனியா' என்று மட்டும் இருக்கும். கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைக்கு அரசு 3 லட்ச ரூபாய் அறிவித்த பிறகு, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் அப்படி ஒரு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல கொரோனான்னு மாத்திக் கொடுங்க சார்" என்று கேட்டார். மருத்துவர் எழுதியதைப் பதிவாளர் மாற்ற முடியாது. அவர் கணவர் இறந்தது எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் இல்லை.

தமிழ்நாட்டிலேயே இப்படி. இத்தனைக்கும் இங்கே இறப்புகள் அநேகமாக எல்லாமே பதிவாகிவிடும். பீகாரில் 2019இல் பாதி இறப்புதான் பதிவானது. நாடு முழுக்கப் பார்த்தாலும், அந்த ஆண்டு பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது ஐந்தில் ஒன்றுக்குத்தான். இப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு எந்த மாநிலத்தில் அதிகம் பேர் செத்தார்கள் என்று எப்படித் தீர்ப்பு எழுதுவது?

பீகாரின் எண்ணிக்கையே நீதிமன்றம் கேள்வி கேட்டதால் மாறிய எண்ணிக்கை. பாட்னா உயர் நீதிமன்றம் தணிக்கை செய்யச் சொன்ன பிறகு, 2021 ஜூனில் ஒரே நாளில் ஐந்தாயிரத்துச் சொச்சம் 9,429 ஆனது. குஜராத்தில் அதிகாரபூர்வ இறப்பு பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு அந்த அரசே ஏற்றுக்கொண்ட மனுக்கள் 2022 ஜனவரியில் 68,000-ஐத் தாண்டிவிட்டன. தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தவர்களையெல்லாம் நிவாரணத்துக்குச் சேர்த்ததால் ஓரளவு கூடும், சரி. ஆறு மடங்குக்கு மேல் கூடியதற்கு அது மட்டும் பதிலாகாது. நம் சென்னையிலும் மாநகராட்சிப் பதிவேடும் சுகாதாரத் துறைக் கணக்கும் ஒத்துப்போகாமல், குழு போட்டு ஆராய்ந்து, 2020 ஜூலையில் விடுபட்ட 444 இறப்புகளைச் சேர்த்தார்கள்.

கேரளமும் தொடக்கத்தில் முழுதாக எண்ணவில்லை. ஆனால் உறவினர்கள் மேல்முறையீடு செய்ய வழி திறந்து, பழைய இறப்புகளை வாரக்கணக்காகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2021 அக்டோபரில் 27,000 அளவில் இருந்த எண்ணிக்கை 2022 மார்ச்சில் 65,000-ஐத் தாண்டியது. அந்த ஐந்து மாதத்தில் கேரளத்தில் திடீரென்று நோய் முற்றிவிடவில்லை. விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்து எழுதினார்கள். அதற்குக் கிடைத்த பரிசு, உங்கள் அட்டவணையில் மோசமான இடம்.

அப்புறம் வயது. கொரோனா முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது. கேரளத்தில் நூறில் 16 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பீகாரில் 8 பேர்கூட இல்லை. வயதைச் சமப்படுத்தாமல் இரண்டையும் பக்கத்தில் வைப்பதே நியாயமில்லை. ஆனால் வயது வித்தியாசம் மட்டும் இருபது மடங்கு இடைவெளியை உண்டாக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2021 ஜூன்-ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில், தொற்றோ தடுப்பூசியோ உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் பீகாரில் 75.9 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடு. தடுப்பூசிக் கணக்கை விட்டுப் பார்த்தாலும், வைரஸ் பீகாரில்தான் அதிகம் பரவியிருந்தது. அதிகம் பரவிய இடத்தில் இருபதில் ஒரு பங்கு சாவு என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கணக்கைத்தான்.

உலக அளவிலும் இதுதான். பெரு நாடு 2021 மே கடைசியில் தன் எண்ணிக்கையைத் திருத்தியபோது 69,000 என்பது 1,80,000 ஆனது. ஒரே நாளில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிக இறப்பு உள்ள நாடானது. பெல்ஜியம், முதியோர் இல்லங்களில் சந்தேகத்துக்கு இடமான இறப்புகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து எண்ணி, அதற்காகவே கெட்ட பெயர் வாங்கியது.

ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு மொத்த இறப்பை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்ப்பது. இந்தியாவில் 2019இல் பதிவானவை சுமார் 76 லட்சம், 2020இல் 81 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். பதிவு மேம்பட்டதால் கூடியதும் இதில் உண்டு. அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், பீகார் போன்ற இடங்களில் இன்னும் கவனமாக. உலக சுகாதார அமைப்பு இந்தியாவில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து வழக்கத்தைவிட 47 லட்சம் கூடுதல் இறப்பு என்று மதிப்பிட்டதை மத்திய அரசு மறுத்தது. மறுக்கட்டும். ஆனால் கையில் இருந்த 2021 பதிவு விவரத்தை 2025 மே மாதம் வரை வெளியிடாமல் இருந்தது ஏன்? ஆள் இறந்து 21 நாளுக்குள் பதிவு செய் என்று ஜனங்களுக்குச் சட்டம் வைத்துவிட்டு, அந்தக் கணக்கைச் சொல்ல அரசு நான்கு வருடம் எடுத்துக்கொள்வது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் பதிவு இணையவழிக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. 2018 முதல் 2021 வரையிலான இறப்புகளை மாதம், மாவட்டம், வயது வாரியாக அரசு வெளியிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது, அந்தந்த மாநிலத்தில் நூறு இறப்பில் எத்தனை பதிவாகிறது, அதில் எத்தனைக்கு மருத்துவர் சான்று இருக்கிறது என்று இரண்டு நெடுவரிசைகளையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நகராட்சிச் சுகாதாரப் பிரிவு ஊழியர் (ஓய்வு),
திண்டுக்கல் மாவட்டம்