டார்வின் கடிதக் கூட்டத்துக்கு கைகொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். டார்வின் கடிதங்கள் பத்தின நம்ம கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது, யாரையும் விட்டுடக்கூடாதுன்னு உக்காந்து டைப் பண்றேன்.

முதல் நன்றி நம்மள யாருன்னே தெரியாதவங்களுக்கு, அதாவது டார்வின் கடிதங்களைத் தொகுத்த குழுவுக்கு. 1974ல ஆரம்பிச்சு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துல உக்காந்து, டார்வின் எழுதினது அவருக்கு வந்ததுன்னு சுமார் 15,000 கடிதத்தைத் தேடிப் பிடிச்சு, அந்தக் கிறுக்கல் கையெழுத்தைப் படிச்சு, குறிப்பு எழுதி, 30 தொகுதியா கொண்டுவந்து, காசு வாங்காம நெட்லயும் போட்டுட்டாங்க. அது இல்லேன்னா நாம என்னத்த பேசியிருப்போம்?

டார்வினோட மனைவி எம்மா பத்தின பகுதியை வாசிச்ச அக்காவுக்கு ஸ்பெஷல் நன்றி. உடம்பு முடியாத நாள்ல டார்வின் படுத்துட்டே சொல்லச் சொல்ல எம்மாதான் எழுதியிருக்காங்க. வாந்தி, வயித்து உப்புசம், படபடப்புன்னு வருஷக்கணக்கா ஓடுது, என்ன வியாதின்னு இன்னிக்கு வரைக்கும் டாக்டருங்க சண்டை போட்டுக்கிறாங்க. வந்தவங்ககிட்ட ஒரு அரை மணி நேரம் கூடுதலா பேசிட்டா ராத்திரி தூக்கம் போச்சு. அதனாலதான் அவரை ஆளுங்களே ஆகாத ஆளுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துவரல, அப்படிப்பட்டவர் எதுக்கு சுமார் 2,000 பேரோட கடிதத் தொடர்பு வெச்சிருக்கணும், முட்டாள்தனமா எழுதினவங்களுக்குக்கூட பதில் போடாம விடமாட்டார்னு பையன் ஃபிரான்சிஸே எழுதியிருக்கார்!

டார்வினோட நண்பர், தாவரவியலாளர் ஹூக்கர் கதை சொன்ன தம்பிக்கும் நன்றி, கூட்டத்துலயே பெஸ்ட் அதுதான். ஹூக்கர் டார்வினோட வீடான டவுன் ஹவுஸுக்கு வரும்போது தன் வேலையையும் கையோட தூக்கிட்டு வந்துடுவார், காலை டிஃபன் முடிஞ்சதும் டார்வின் தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி கேள்வி எழுதின துண்டுச்சீட்டு ஒரு கட்டை எடுப்பார், அரை மணி நேரம் குடைஞ்செடுத்துட்டு போதும்பார், அப்புறம் இவர் வேலை இவருக்கு அவர் வேலை அவருக்கு. நோயாளி வீட்டுக்குப் போறவங்க இதைக் கத்துக்கணும் சாமி, நம்மூர்ல போனா சாப்பாடு வரைக்கும் நகரமாட்டாங்க.

புறா பத்திக் கேட்ட அண்ணா, நீங்க கேக்கலேன்னா மெட்ராஸ் சங்கதி வந்தே இருக்காது. இங்க அதிகாரியா இருந்த வால்டர் எலியட்டுக்கு 1856ல டார்வின் கடிதம் போட்டு புறா மாதிரி வீட்டுப் பறவைங்களோட தோல் அனுப்பச் சொல்லிக் கேட்டார், அவரும் அனுப்பினார். கென்ட்ல ஒரு கிராமத்தை விட்டு நகர முடியாத மனுஷனுக்கு ஊர் ஊரா இப்படி ஆளுங்க.

எம்மாவோட ஆடின பேக்காமன்ங்கிற பகடை விளையாட்டுல டார்வின் தான் 2,795 ஆட்டம் ஜெயிச்சதாவும் அவங்க 2,490தான்னும் 1876ல அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதின பெருமைக் கடிதத்துக்குக் கைதட்டின வாண்டுங்களுக்கும், டீ போட்டவங்களுக்கும், சேர் அடுக்கினவங்களுக்கும் ரொம்ப தேங்க்ஸ்.

பிரிண்ட் எடுத்த தாள் கொஞ்சம் மீதி இருக்கு, வேணும்கிறவங்க சொல்லுங்க, எடுத்து வெக்கிறேன்.