தமிழ்ப் பக்கத்துக்கும் நல்ல எழுத்து வேண்டும்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட சங்கப் பாடல்களின் இருமொழிப் பதிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் செய்ததைத்தான் உங்களில் பலரும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இடப்பக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு, வலப்பக்கம் தமிழ் மூலம். ஆங்கிலத்துக்குப் பாஸ்கர்வில் எழுத்துரு. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்ட எழுத்தின் வழிவந்தது அது. அவர் எழுத்துப் பயிற்சி ஆசிரியராகவும் கல்லில் எழுத்து வெட்டுபவராகவும் இருந்தவர். அந்தக் கைப்பழக்கம் ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. தண்டு தடித்து நிற்கிறது, வளைவு மெல்ல மெலிகிறது, அடியில் கூரிய சிறு கீற்று வரியைப் பிடித்து நிறுத்துகிறது. எத்தனை பக்கம் படித்தாலும் கண் சலிக்கவில்லை.

வலப்பக்கம் வந்தால் மனம் நொந்துபோகிறது. கணினித் திரையில் பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் வரைந்த, எல்லாக் கோடும் ஒரே பருமனில் ஓடுகிற எழுத்துருவில் கிடக்கிறது கபிலரின் பாட்டு. கடைசிப் பக்கத்தில் பாஸ்கர்விலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துருவுக்கு அங்கே பெயர்கூட இல்லை.

என் அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடிக்குறிப்புகளைப் படிக்காமல் ஒரு பாட்டைக் கடக்க மாட்டார். இந்த நூலின் அடிக்குறிப்புகளை எட்டுப் பாயின்டில் நெருக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த அளவில் இந்த எழுத்துருவின் கொம்புச் சுழிகள் மையில் அடைத்துக்கொள்கின்றன. ‘பெறு’ எது, ‘பேறு’ எது என்று தெரியவில்லை. ‘கொள்’ என்பதைக் ‘கோள்’ என்று படித்துவிட்டு, பொருள் பொருந்தாமல் திரும்பிப் போய்ப் பார்க்கிறார். புள்ளிகள் பல இடங்களில் மங்கிவிட்டன. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துக் காட்டிய பெருமையை வீரமாமுனிவருக்குத் தருகிறோம். 18ஆம் நூற்றாண்டில் பிரித்ததை இந்த நூற்றாண்டில் நீங்கள் மறுபடி ஒன்றாக்கிவிட்டீர்கள். தமிழைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்கு ஆளாகலாமா? 800 ரூபாய் கொடுத்து வாங்கிய நூலில் அம்மா இப்போது ஆங்கிலப் பக்கத்தைத்தான் படிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழில் நல்ல அச்செழுத்து இருந்ததில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டார்கள். 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிறிய எழுத்துதான். ஆனால் கோடுகள் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, சுழிகள் திறந்து நிற்கின்றன. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குப் பருமன் வேறுபாடு கிடையாது. உலோகத்தில் எழுத்து வெட்டியவர்கள்தான் காகிதத்துக்கும் மைக்கும் ஏற்றபடி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் உழைப்பை இவ்வளவு எளிதாகக் கைவிட்டிருக்க வேண்டாம்.

பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழ் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துகளைச் சிதைத்த காலம் இருந்தது. அப்போது நீங்கள் பட்ட பாட்டை அறிவேன். இன்று அந்தத் தடை இல்லை. பணமும் காரணம் இல்லை. தடிப்பும் மெலிவும் உள்ள நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு பல பருமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைவிடச் சிறந்தது வேண்டுமென்றால் தமிழ் எழுத்துரு வரைபவர்களுக்கு ஊதியம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அட்டைக்கு ஓவியர் தேடுகிறீர்கள், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறீர்கள், மேடையில் பொன்னாடை போர்த்துகிறீர்கள். வாசகர் மாதக்கணக்கில் பார்க்கப்போகிற உள்பக்கத்தை மட்டும் கணினியில் முதலில் கண்ணில்பட்ட எழுத்துருவிடம் விட்டுவிடுகிறீர்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக் கடையில் பெண்வீட்டார் நாலு எழுத்து மாதிரிகளைப் பார்த்த பிறகுதான் ஒன்றுக்குச் சம்மதிக்கிறார்கள். சங்கப் பாட்டுக்கு அந்த அக்கறையாவது வேண்டாமா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். தமிழ் நூலின் உள்பக்கங்களை, நூல் படிப்பதற்கென்றே வரைந்த எழுத்துருவில் அச்சிடுங்கள். மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று முட்டாதபடி வரிகளுக்கிடையே இடம் விடுங்கள். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது. அச்சுக்கு அனுப்பும் முன், அதே தாளில், அதே அளவில், அடிக்குறிப்புள்ள ஒரு பக்கத்தை எடுத்து அறுபது வயது கடந்த ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்துருவின் பெயரையும் அதை வரைந்தவரின் பெயரையும் போடுங்கள்.

இந்த நூலின் அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்யும்படி அதன் பதிப்பாளரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செய்தால் அம்மாவுக்காக இன்னொரு படி வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை விடாமல் வாங்கும் ஒரு வாசகர்