சனிக்கிழமை பூங்காவில் கூடுவோம்: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குழு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சந்திக்கிறோம். மூன்று, நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படிக் கொண்டுசெல்வது என்று பேசுவோம்.

எங்கள் வீட்டில் பெரியவள் பின்னக் கணக்குப் போட உட்கார்ந்தாலே கடைக்குட்டி அரிசி டப்பாவைக் கவிழ்த்துவிடுவான். ஒரு நாள் அந்த அரிசியையே அரைப்படி, கால்படி என்று அளக்கச் சொன்னேன். இருவரும் அரை மணி நேரம் அசையவில்லை. உங்களுக்குக் கைகொடுத்ததையும் சொல்லுங்கள்.

1. நேற்றைய பொழுதை மணிவாரியாக எழுதி வாருங்கள். சமையல், தூக்கம், சண்டை எல்லாம் வேண்டும்.
2. பாய், தண்ணீர், மாற்றுத்துணி.
3. 14 வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால் முன்பே சொல்லுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS; பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் மத்திய அரசு வாரியம்) பத்தாம் வகுப்புக்குப் பதிவது பற்றித் தனியாகப் பேசலாம்.

வருபவர் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது இரண்டையும் வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். அப்புறம், கைக்குழந்தை இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்வோம்.